தராசின் முகம் யார் பக்கம்?

தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 27. அப்பா நடத்திய பேக்கரியைப் பொறுப்பெடுத்து எட்டு மாதம் ஆகிறது. வேலை செய்பவர்கள் 16 பேர், அதில் பாதிப் பேர் அவரைச் சின்னப் பிள்ளையாகத் தூக்கி வைத்திருந்தவர்கள். "நான் சொன்னால் கேட்பதில்லை. கத்தினால் அன்றைக்கு மட்டும் வேலை நடக்கிறது. போறணைக்குப் பொறுப்பாக இருக்கும் மாமா 20 வருடம் அப்பாவோடு இருந்தவர், என் பேச்சைக் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. இரண்டு பேர் சொல்லாமல் கொள்ளாமல் கொழும்புக்குப் போய்விட்டார்கள். தலைமைத்துவம், முகாமைத்துவம் என்கிறார்களே, அதை எப்படி வளர்த்துக்கொள்வது? ஏதாவது கோர்ஸ் செய்தால் சரிவருமா?" இதுதான் கேள்வி.

தம்பி, கோர்ஸ் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தக் கத்துவதைப் பற்றிப் பேசலாம்.

நான் தோட்டத்தில் 29 வருடம் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்தவன். இப்போது ஹட்டனில் மருமகனுடைய ஹார்ட்வெயார் கடையில் கணக்கும் ஆட்களும் என் பொறுப்பு. இரண்டு இடத்திலும் பார்த்ததை வைத்துத்தான் பேசுகிறேன்.

அதிகாரம் என்றால் எப்படி இருக்கும் என்று நம் மலையகத்துப் பிள்ளைகள் எங்கே பார்த்துப் பழகினோம்? தோட்டத்தை நிர்வகிக்கிற பெரிய துரை, சின்ன துரை, என்னைப் போல வெளிக்கள உத்தியோகத்தரான ஐயா, கணக்கப்பிள்ளை, ஆட்களை வேலை வாங்குகிற கங்காணி. மேலே இருப்பவர் தனக்குக் கீழே இருப்பவரை ஏசுவார், அவர் தனக்கும் கீழே இருப்பவரை ஏசுவார். கடைசியில் கொழுந்தெடுக்கிற அக்காவுக்கு ஏச ஆள் கிடையாது. தோட்டங்களை 1975இல் அரசாங்கம் எடுத்தது. 1992இல் நிர்வாகம் 22 கம்பனிகளிடம் போனது. ஆபீஸ் வாசலில் போர்டு மாறியதே ஒழிய, காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்களத்துக் குரல் மாறவில்லை. நாலைந்து தலைமுறையாக இந்த ஒரே படத்தைப் பார்த்து வளர்ந்ததால், நமக்கென்று ஒரு நாற்காலி கிடைத்த அன்றே அதே குரல் நம் வாயிலும் வந்துவிடுகிறது. நீங்கள் கெட்ட மனுஷன் என்று கத்தவில்லை. வேறு விதமாக ஒருவர் வேலை வாங்கி நீங்கள் பார்த்ததே இல்லை, அவ்வளவுதான். ஆனால் கங்காணியின் பிடி வெறும் குரலில் இருந்ததில்லை. அதைத் தெரிந்துகொண்டால்தான் உங்கள் பேக்கரியில் எதை மாற்ற வேண்டும் என்று தெரியும்.

கோப்பிக் காலத்திலிருந்தே ஆட்களைத் திரட்டி மலைக்குக் கூட்டி வந்தவர் கங்காணி. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டு, பிறகு மலை முழுக்கத் தேயிலை பரவியபோதும் அவர்தான் கூட்டி வந்தார். வழிச்செலவுக்குக் கடன் கொடுத்தவரும் அவரே, அந்தக் கடனைப் பிடித்தவரும் அவரே. வேலைக்கு வருகிற ஒவ்வொரு தலைக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. அப்புறம் துண்டு என்று ஒரு சீட்டு இருந்தது. இந்த ஆளின் கடனைத் தீர்த்தால் விட்டுவிடுகிறேன் என்று துரை எழுதிக்கொடுப்பது. அந்தச் சீட்டு இல்லாமல் இன்னொரு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. ஆட்கள் இருந்த இடத்திலேயே இருந்ததற்குக் காரணம் கங்காணி மேல் உள்ள மரியாதை என்று வெளியே தெரியும். உள்ளே இருந்தது கடன். துண்டு முறையை 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

சரி, இப்போது உங்கள் பேக்கரியின் அட்வான்ஸ் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். கொழும்புக்குப் போன இரண்டு பேருடைய பெயரிலும் எவ்வளவு நிற்கிறது? என் கணக்குச் சரியென்றால் இரண்டு பெயரிலும் பெரிய தொகை இருக்கும். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் நான் பார்த்த கடைகளில் சொல்லாமல் போகிறவர்கள் பெரும்பாலும் கடன் நிற்கிறவர்கள்தான். சொல்லிவிட்டுப் போக அவர்களுக்கும் ஆசை. சொன்னால் காசைக் கட்ட வேண்டும், கட்டக் காசில்லை, அதனால் சம்பளம் வாங்கின இரவோடு பஸ் ஏறிவிடுகிறார்கள். அட்வான்ஸ் கொடுத்தால் ஆள் நிற்பான் என்று நம் முதலாளிமார் நினைக்கிறார்கள். அவன் போவதற்கு அதுவே காரணமாகிவிடுகிறது.

அட்வான்ஸை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல், தீபாவளி, சடங்கு என்று வந்தால் நம் ஆட்கள் வேறு எங்கே போவார்கள்? ஒரு எல்லை வையுங்கள். மாதச் சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் கிடையாது, மூன்று மாதத்தில் கழியும், கணக்கு இரண்டு பிரதியாக எழுதி ஒன்று அவர் கையில் இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். தீபாவளி அட்வான்ஸ் எல்லோருக்கும் ஒரே விதியில். மாமாவுக்கு ஒன்று, பாண் அடுக்குகிற தங்கச்சிக்கு ஒன்று என்று இருக்கக் கூடாது. பழைய நிலுவையைத் திடீரென்று கேட்காதீர்கள். ஒவ்வொருவரோடும் தனியாக இருந்து, மாதம் எவ்வளவு முடியும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

என்னுடைய பிழை ஒன்றைச் சொல்கிறேன். நான் தலைமைத்துவம் படித்தது அங்கேதான்.

தோட்டத்துக்கு வந்து இரண்டாவது வருடம். ஜூன் மாதம், விடாத மழை. மத்தியானக் கொழுந்து நிறுக்கிற நேரம், மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கிற கொட்டகையில், அறுபது பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். இடுப்பில் கட்டின படங்கு நனைந்து காலோடு ஒட்டியிருக்கிறது, கூடையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. தொங்குகிற தராசின் முகம் என் பக்கம், என் பக்கத்தில் கணக்கப்பிள்ளை. பெண்களுக்குத் தெரிவது தராசின் முதுகு மட்டும். கூடைக்கு இவ்வளவு, மழைத் தண்ணிக்கு இவ்வளவு, முற்றலுக்கு இவ்வளவு என்று மனதுக்குள் கழித்துவிட்டு மிஞ்சியதை மட்டும் சத்தமாகச் சொல்வேன். கணக்கப்பிள்ளை எழுதுவார். அப்படித்தான் எனக்கு முன்னால் இருந்தவர் செய்தார், நானும் செய்தேன்.

அன்றைக்கு ஒரு அக்கா, நாற்பது வயதிருக்கும், கூடையை இறக்கிவிட்டுக் கேட்டார்: "ஐயா, எத்தன கிலோன்னு சொல்றீங்க. எத்தன கழிச்சீங்கன்னு சொல்ல மாட்டேங்கிறீங்களே?"

கேள்வியில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அறுபது பேர் முன்னால் ஒருத்தி கேட்டுவிட்டாள் என்பது மட்டும்தான் என் மண்டையில் ஏறியது. வாய்க்கு வந்தபடி ஏசினேன். அந்த அக்கா ஒரு சொல் பேசாமல் கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டிக்கொண்டு மலைக்குத் திரும்பிப் போனார். அடுத்த ஒரு கிழமை மடுவத்தில் ஒருவரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலைக்கு வந்தார்கள், கிலோவும் வந்தது. ஆனால் கொழுந்தில் முற்றலும் காம்பும் கூடிவிட்டது. தொழிற்சாலையிலிருந்து டீ மேக்கர் ஒவ்வொரு நாளும் ஆள் அனுப்பினார். இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று பெரட்டில் தொண்டை கிழியச் சொல்லலாம். மலைக்குள் அறுபது பேருடைய கை எதைப் பறிக்கிறது என்று யார் நின்று பார்க்க முடியும்?

கடைசியில் வயதான கங்காணி ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஐயா, தராசத் திருப்பி வைங்க." அவ்வளவுதான் சொன்னார்.

மறுநாள் திருப்பி வைத்தேன். முழு எடை, கழிவு, மிச்சம் மூன்றையும் சத்தமாகச் சொன்னேன். அந்த அக்காவிடம் அதே மடுவத்தில், அதே அறுபது பேர் முன்னால், "அன்னைக்கு நான் ஏசுனது பிழை" என்று சொன்னேன். எல்லோர் முன்னாலும் ஏசிவிட்டு மன்னிப்பை மட்டும் ஒதுக்குப்புறமாகக் கேட்பதில் நியாயம் இல்லை. அதற்குப் பிறகு கொழுந்து ஒரே நாளில் தங்கமாகிவிடவில்லை. ஆனால் வரிசை சீக்கிரம் நகர்ந்தது, எடையைப் பற்றி வாக்குவாதம் குறைந்தது. "இது முற்றல் அக்கா, பொறுக்கிப் போட்டுட்டுக் கொண்டாங்க" என்றால் பொறுக்கினார்கள். என் சொல்லுக்கு அன்றுதான் ஒரு எடை வந்தது.

உங்கள் பேக்கரியிலும் பல தராசுகள் இருக்கின்றன, முகம் உங்கள் பக்கம் திரும்பியபடி. இரவு வேலை யாருக்கு எத்தனை நாள் விழுகிறது? கருகின பாணுக்கு யாரிடம் காசு பிடிக்கிறீர்கள், யாரை விட்டுவிடுகிறீர்கள்? தீபாவளிக்கு லீவு யாருக்கு, கடையில் நிற்பது யார்? வீட்டுக்கு எடுத்துப்போகிற பாண் ஒருவருக்கு எத்தனை? இதெல்லாம் உங்களுக்கு மறந்துபோகிற சின்ன விஷயம். அவர்கள் பல வருடத்துக் கணக்கை மனதில் வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் விதி ஒன்றை அவர்களோடு பேசி முடிவு செய்து, தமிழிலும் சிங்களத்திலும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பிறகு அந்த விதியை முதலில் உங்கள் சொந்தக்காரர் மீது பிரயோகியுங்கள். பேக்கரியில் உங்கள் சித்தப்பா மகனோ மச்சானோ வேலை செய்தால், எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பது அவரைத்தான்.

இனி முகாமைத்துவம். தலைமைத்துவம் உயர்ந்தது, முகாமைத்துவம் வெறும் கணக்குவழக்கு என்று சிலர் பிரித்துப் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. நாளைக்கு என்ன வேலை என்று தெரியாத தலைவரை எவ்வளவு அன்பிருந்தாலும் ஆட்கள் நம்ப மாட்டார்கள்.

பெரட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் ஆட்கள் வந்து நின்ற பிறகு யோசிக்கிற உத்தியோகத்தர் அன்றைய நாளைத் தொலைத்தவர். எந்த மலையில் கொழுந்து, மரம் வெட்டுகிற கவ்வாத்துக்கு எத்தனை பேர், கான் வெட்ட எத்தனை பேர், மருந்தடிக்க யார், மழை வந்தால் எதை மாற்றுவது என்று முதல் நாள் மாலையே கொப்பியில் இருக்க வேண்டும். கொழுந்தெடுத்த மலைக்கே மறுபடி கொழுந்தெடுக்க வருகிற ரவுண்ட் ஏழு நாளில் திரும்பி வர வேண்டும் என்றால் வந்தாக வேண்டும். அது பத்து, பன்னிரண்டு நாளாக இழுபட்டால் இலை முற்றிவிடும், தூள் கெடும், கொழும்பு ஏலத்தில் விலை விழும். ஏலத்தில் விழுந்த விலையைத் துரை பெரட்டில் வந்து ஏசிச் சரிசெய்யப் பார்ப்பார். பிழை நடந்தது மூன்று கிழமைக்கு முன்னால், ரவுண்ட் தவறிய அன்று. நானும் ஆட்களும் ஏச்சு வாங்கிக்கொண்டு நின்ற எத்தனையோ காலைகளில், உண்மையில் பிழை வேலைத் திட்டத்தில்தான் இருந்தது.

பேக்கரியில் ரவுண்டுக்குச் சமமானது எது? என்னைக் கேட்டால் திரும்பி வருகிற பாண். உங்கள் ஆட்டோக்கள் நாலு பக்கமும் போகும் என்று நினைக்கிறேன்: லிந்துலை, நானுஓயா, கொட்டகலை, பூண்டுலோயா. ஒவ்வொரு பக்கமும் போனது எத்தனை, விற்றது எத்தனை, திரும்பியது எத்தனை என்று ஒரு கொப்பியில் தினமும் எழுதுங்கள். அதோடு தோட்டச் சம்பள நாள், போயா, மழை, பள்ளிக்கூட விடுமுறை ஆகியவற்றையும் குறியுங்கள். இரண்டு மாதம் எழுதினால் போதும், எந்தக் கிழமையில் எந்தப் பக்கத்துக்கு எத்தனை ராத்தல் என்று கொப்பியே சொல்லும். இப்போது என்ன நடக்கிறது? திரும்பி வந்த பாணைப் பார்த்து நீங்கள் ஆட்டோக்காரரை ஏசுகிறீர்கள், அவர் போறணையைக் குறை சொல்கிறார், போறணை மாமா மாவைக் குறை சொல்கிறார். கொப்பி இருந்தால் மூன்று பேரும் ஒரே தாளைப் பார்த்துப் பேசலாம். இன்னொன்று: ஒரு மூட்டை மாவில் 450 கிராம் பாண் எத்தனை வர வேண்டும் என்று மாமாவுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் ஒரு மாதம் இரவில் அவரோடு நின்று பழகுங்கள். கை வேலை தெரியாத முதலாளி சொல்வதைக் கேட்க அவருக்கு என்ன அவசியம்?

இந்த இடத்தில் கோ. நடேசய்யரை நினைத்துக்கொள்வேன். தோட்டத் தொழிலாளருக்கென்று 1931இல் முதன்முதலாகத் தொழிற்சங்கம் கட்டியவர். அதற்கு முன்னாலேயே, வெளியாட்களை உள்ளே விடாத தோட்டங்களுக்குள் புடவை வியாபாரி மாதிரிப் போய், லயத்தில் ஆட்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கண்ணால் பார்த்தவர். மேடையில் பேசுவதற்கு முன்னால் லயத்து வாசலில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். உங்களுக்கு வேஷம் போட வேண்டிய அவசியம் இல்லை. அதிகாலை இரண்டு மணிக்குப் பேக்கரிக்குப் போய், ஒன்றும் சொல்லாமல், ஒரு பிளேன்டீயோடு ஒரு மணி நேரம் நின்றாலே போதும். மா பிசைகிற மெஷினுக்குப் பக்கத்தில் லைட் இல்லை, கை கழுவ வெந்நீர் இல்லை, தட்டுகளை எட்டடி தூரம் தூக்கிக்கொண்டு திரும்ப வேண்டியிருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். அதில் ஒன்றை அந்தக் கிழமையே சரிசெய்து கொடுங்கள். பத்துக் கூட்டம் போட்டுப் பேசுவதைவிட அது நன்றாகப் பேசும்.

ஆட்களை நடத்துவதில் எல்லோருக்கும் ஒரே முறை ஒத்துவராது. பால் ஹெர்சி, கென் பிளான்சார்ட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1969இல் இதை ஒரு கோட்பாடாகவே சொன்னார்கள். வேலை தெரியாத புதியவருக்கு இதை இப்படிச் செய் என்று படிப்படியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஓரளவு பழகியவருக்குச் சொல்லிக்கொடுப்பதோடு காரணத்தையும் சொல்ல வேண்டும். வேலை தெரிந்தும் தைரியம் இல்லாதவரோடு சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். வேலையும் தெரிந்து பொறுப்பும் உள்ளவரிடம் விட்டுவிட வேண்டும். புத்தகம் படிக்காத நல்ல கங்காணிகள் இதைத்தான் செய்தார்கள். புதிதாகப் பேர் பதிந்த பெண்ணை நல்ல கைக்காரி ஒருத்தியின் நிரைக்குப் பக்கத்து நிரையில் விடுவார்கள். கை தேர்ந்தவர்களுக்குக் கொந்தரப்பு. இத்தனை மரம் கவ்வாத்து, முடித்தால் போகலாம். பின்னால் நின்று ஒருவரும் பார்க்கத் தேவையில்லை, ஆனால் முடிந்த பிறகு வெட்டு சரியா என்று ஒவ்வொரு மரமாகப் பார்ப்பார்கள். பொறுப்புக் கொடுப்பது என்றால் அதுதான். கொடுத்த பிறகு இடையில் கை வைக்கக் கூடாது, முடிந்த பிறகு பார்க்காமலும் விடக் கூடாது. நம் இளம் முதலாளிகள் பலர் இரண்டையும் மாற்றிச் செய்கிறார்கள். நடுவில் நூறு தடவை குறுக்கிடுகிறார்கள், கடைசியில் எப்படி வந்தது என்று பார்ப்பதில்லை.

நீங்கள் உங்கள் பேக்கரியில் தலைகீழாகச் செய்கிறீர்கள் என்று சந்தேகப்படுகிறேன். 20 வருட அனுபவமுள்ள மாமாவுக்கு ஈஸ்ட் எவ்வளவு என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். மூன்று மாதத்துக்கு முன் வந்த பையனைத் தனியாக விட்டுவிட்டுப் பிறகு ஏசுகிறீர்கள்.

வயதில் மூத்தவர் உங்களைத் 'தம்பி' என்று கூப்பிடுவதைத் தயவுசெய்து குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 'முதலாளி' என்று கூப்பிடச் சொல்லிக் கேட்கவும் வேண்டாம். நீங்களும் மாமா, அக்கா, அண்ணே என்றே பேசுங்கள், சிங்கள ஆட்களோடு அய்யே, அக்கே என்று. முறை சொல்லிக் கூப்பிடுவதால் அதிகாரம் குறைவதில்லை. ஆனால் முறையை வேலைக்குள் இழுத்துக்கொண்டு, "மாமாதானே, எப்படிச் சொல்வது" என்று பிழையை விழுங்குவதும் கூடாது. "மாமா, நேற்று இரண்டாவது சூட்டில் 40 பாண் அடி கருகியிருக்கு. என்ன நடந்தது?" மரியாதையும் இருக்கிறது, கணக்கும் இருக்கிறது. தனியாக, அன்றைக்கே, நடந்த விஷயத்தை மட்டும் கேளுங்கள். "நீங்கள் எப்பவும் இப்படித்தான்" என்ற சொல் வாயில் வரவே கூடாது. பாராட்டும் அதே மாதிரிதான். பொதுவாக "நல்லா செய்யுறீங்க" என்றால் காற்றோடு போகும். "நேற்று கரண்ட் போனப்போ மாவை வீணாக்காமல் காப்பாற்றினீங்க" என்றால் அவர் வீட்டில் போய்ச் சொல்வார்.

ஒவ்வொரு ஷிப்ட் தொடங்கும்போதும் பத்து நிமிடம் நின்றபடியே பேசுங்கள். நேற்று என்ன நடந்தது, இன்றைக்கு என்ன, யாருக்கு என்ன தடங்கல். பழைய பெரட்டு ஒரு பக்கத்துப் பேச்சு. உங்களுடையதில் முதலில் பேசுகிறவர் நீங்களாக இருக்கக் கூடாது.

பெண்களைப் பற்றி ஒன்று. தேயிலையில் கொழுந்தெடுப்பது பெரும்பாலும் பெண்கள், மேலே நிற்பது பெரும்பாலும் ஆண்கள். அதைப் பேக்கரியிலும் அப்படியே கொண்டுவந்துவிடுவோம். பொதி செய்கிற பக்கம் பெண்கள் இருந்தால் அதற்குப் பொறுப்பாக அவர்களிலேயே ஒருவரைப் போடுங்கள். சம்பளத்தையும் கூட்டிக் கொடுங்கள், வெறும் பெயரை மட்டும் கொடுக்காதீர்கள். பூட்டக்கூடிய கழிவறை, கடைசி பஸ்ஸுக்கு முன்னால் வேலை முடிவது, பிந்தினால் ஆட்டோவில் வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விடுவது, இவை உங்கள் கடமை.

சட்டத்துக்கு வருவோம். முகாமைத்துவப் பேச்சுகளில் இதைத் தவிர்த்துவிட்டு ஊக்கம், உற்சாகம் என்று போய்விடுவார்கள். எனக்கு அதில் கோபம் உண்டு. ஒருவருடைய சேமலாப நிதியைக் கட்டாமல் அவரை உற்சாகப்படுத்த எந்த உரிமையும் நமக்கில்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் பங்கு 8 வீதம், உங்கள் பங்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம், அது முழுக்க உங்கள் செலவு. 40,000 ரூபாய் சம்பளம் என்றால் அவரிடம் பிடிப்பது 3,200, நீங்கள் போடுவது 4,800, அதற்கு மேல் 1,200. நியமனக் கடிதம் ஒவ்வொருவருக்கும் கொடுங்கள், அவருக்கு வாசிக்க முடிகிற மொழியில். பேக்கரித் தொழிலுக்குச் சம்பளச் சபை இருக்கிறது. ஆகக் குறைந்த சம்பளம், மேலதிக நேரம், லீவு எல்லாம் இப்போது என்ன என்று தொழில் அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். பயந்துகொண்டு போகாதீர்கள், கேட்டு வருகிற முதலாளியை அங்கே யாரும் கடிக்க மாட்டார்கள்.

2022ஐ மறந்திருக்க மாட்டீர்கள். டீசல் இல்லை, காஸ் இல்லை, மா விலை கிழமைக்குக் கிழமை ஏறியது, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டு. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர் தன் ஒன்பது ஆட்களையும் உட்கார வைத்து வரவு செலவுக் கொப்பியை மேசையில் விரித்துவிட்டார். கையில் இவ்வளவுதான் இருக்கிறது, யாரையும் நிறுத்த எனக்கு மனமில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டார். ஆட்களே மாறி மாறிக் கிழமையில் நாலு நாள் வேலை என்று முடிவு செய்தார்கள். அவரும் தன் வீட்டுக்கு எடுக்கிற காசைக் குறைத்துக்கொண்டார், அதையும் கொப்பியில் எழுதிக் காட்டினார். ஒன்பது பேரும் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்கள். கஷ்டம் வந்த பிறகு கொப்பியைத் திறந்தால் நம்ப மாட்டார்கள், அவர் அதற்கு முன்னாலும் திறந்து காட்டிப் பழகியவர்.

கோர்ஸ் கேட்டீர்கள். செய்யுங்கள், நல்லதுதான். தேசிய வியாபார முகாமைத்துவ நிறுவனத்துக்குக் கண்டியில் கிளை உண்டு. வேலை செய்துகொண்டே படிக்கத் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆட்களை நடத்துவதை மட்டும் ஆழமாகப் படிக்கப் பட்டய ஆளணி முகாமைத்துவ நிறுவனத்தின் பாடநெறிகள் இருக்கின்றன. ஆனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் ஆறு மாதம் கணக்குப் பதிவு படிப்பேன், இலாப நட்டக் கணக்கை நானே போடுகிற அளவுக்கு. கூடவே சிங்களத்தை எழுதவும் வாசிக்கவும் தெரிகிற அளவுக்குப் பழகுவேன். மாக் கம்பனி, வங்கி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பிரதேச சபை என்று எல்லாரோடும் நேருக்கு நேர் பேச முடியாத முதலாளிக்குப் பாதிப் பலம்தான். டிப்ளோமா அதற்குப் பிறகு. படிக்கிற காலத்தில் ஒவ்வொரு பாடத்திலிருந்தும் ஒரு விஷயத்தைப் பேக்கரியில் செய்து பாருங்கள். செய்யாமல் படித்தது சான்றிதழோடு சுவரில் தொங்கிவிடும்.

இனி மாமா. அவர் ஏன் உங்கள் பேச்சைக் காதில் போடுவதில்லை என்று நினைக்கிறீர்கள்? உங்கள் வயதைக் காரணமாகச் சொல்கிறீர்கள். எனக்கு வேறு ஒன்று தோன்றுகிறது. அவருக்கு 55க்கு மேல் இருக்கும். இத்தனை வருடமும் அவருக்கு இருந்த உத்தரவாதம் உங்கள் அப்பாவின் வாய்ச்சொல். அப்பா ஒதுங்கிவிட்டார். அந்தச் சொல் உங்களிடம் செல்லுமா என்று அவருக்குத் தெரியவில்லை. போறணையின் சூட்சுமத்தை முழுக்க உங்களிடம் கொடுத்துவிட்டால் அடுத்த மாதம் தன்னை அனுப்பிவிடுவீர்களோ என்ற பயமாக இருக்கலாம். நான் ஓய்வுபெறுகிற காலத்தில் எனக்கே அந்தப் பயம் இருந்தது. புதிதாக வந்த உத்தியோகத்தருக்கு மலையைக் காட்டிக் கொடுக்க மனம் வரவில்லை.

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, மாதச் சம்பளக்காரர் என்றால் ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். உங்களிடம் 16 பேர். மாமாவுக்கு 60,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொண்டால் 20 வருடத்துக்கு ஆறு இலட்சம். இந்தக் கணக்கை உங்கள் கையால் ஒரு தாளில் எழுதுங்கள். சேமலாப நிதியில் ஏதாவது மாதம் விடுபட்டிருந்தால் அதையும் எழுதுங்கள், எப்போது கட்டி முடிப்பீர்கள் என்ற திகதியோடு. அந்த ஆறு இலட்சத்துக்காக இந்த மாதமே தனி வங்கிக் கணக்கு ஒன்றைத் திறந்து மாதா மாதம் போடத் தொடங்குங்கள்.

பிறகு ஒரு விடியற்காலை, கடைசிச் சூடு இறக்கி ஆட்டோக்கள் புறப்பட்டுப் போனதும், பின்பக்கத்து வாங்கில் அவரோடு உட்காருங்கள். பிளேன்டீயை நீங்களே ஊற்றிக் கொடுங்கள். தாளை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, போறணையை உங்களுக்குப் பழக்கித் தரச் சொல்லிக் கேளுங்கள்.